பீட் லீஸ் குடுக்குறது எப்படி, வாங்கினவங்க லிமிட்ட தாண்டிட்டா என்ன பண்றது: புதுசா வர்ற புரொட்யூசர்களுக்கு

பீட் (மேல பாடுறதுக்கு ரெடியான இசை ட்ராக்) விக்க ஆரம்பிக்கிற புதுசுல எல்லாரும் கேக்குறது "என்ன விலை வைக்கலாம்"னுதான். கொஞ்ச நாள் போனா கேள்வி மாறிடும், "என் லீஸ வாங்கினவர் ஸ்ட்ரீம் லிமிட்ட தாண்டிட்டாரு, பாட்ட தூக்க சொல்லலாமா?"ன்னு வந்து நிப்பாங்க. அதுக்கு பதில் நீங்க விக்கும்போது குடுத்த அக்ரிமெண்ட்லதான் இருக்கணும், அதுல இல்லன்னா அப்புறம் யார்கிட்ட கேட்டாலும் கிடைக்காது. அதனால முதல்ல விக்கிற பக்கத்த ஒழுங்கா பாத்துட்டு அப்புறம் சண்டைக்கு போவோம்.

1. கையில என்ன இருக்குன்னு பாருங்க

ஒரு பீட் முடிச்சு சேவ் பண்ணின உடனே ரெண்டு உரிமை உங்களுக்கு வந்துடுது. ஒண்ணு கம்போசிஷன், அதாவது அந்த மெலடி, கார்ட்ஸ் எல்லாம் சேர்ந்த இசை அமைப்பு. இன்னொண்ணு சவுண்ட் ரெக்கார்டிங், அதாவது நீங்க பவுன்ஸ் பண்ணின (ஃபைலா வெளில எடுத்த) அந்த ஆடியோ. பெர்ன் ஒப்பந்தத்துல (காப்பிரைட்டுக்கான சர்வதேச ஒப்பந்தம்) இருக்குற நாடுகள்ல காப்பிரைட் வர்றதுக்கு எங்கயும் பதிவு பண்ண வேண்டியதில்ல, உருவானவுடனே வந்துடும். (கேஸ் போடுறதுக்கு பதிவு வேணுமாங்கறது வேற கதை, கடைசில வருது.)

லீஸ்னா இந்த ரெண்டையும் உங்ககிட்டயே வச்சுக்கிட்டு, "இந்த பீட் மேல பாடி இவ்ளோ தூரம் வரைக்கும் யூஸ் பண்ணிக்கோ"ன்னு அனுமதி குடுக்குறது. அதே பீட்ட இன்னும் எத்தன பேருக்கு வேணாலும் குடுக்கலாம். எக்ஸ்க்ளூசிவ்னா அதுக்கப்புறம் புதுசா யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்றது. அப்பவும் காப்பிரைட்டே கை மாறுதா, இல்ல தனி அனுமதி மட்டும்தானான்னு அக்ரிமெண்ட்ல எழுதினாதான் உண்டு. அமெரிக்க சட்டத்துல சாதாரண லீஸ் வாய்ப்பேச்சா கூட செல்லும், ஆனா எக்ஸ்க்ளூசிவ்னா எழுத்துல கையெழுத்தோட இருக்கணும். சாட்ல "ஓகே ப்ரோ எக்ஸ்க்ளூசிவ் உனக்குத்தான்"னு போட்டுட்டு பணம் வாங்குறவங்க ரெண்டு பக்கமும் வம்ப வாங்கிக்கிறாங்க.

2. பீட்டுக்குள்ள வேற யாராவது இருக்காங்களா?

இத சீக்கிரம் முடிச்சுடலாம், ஆனா தாண்டிப் போகாதீங்க. பழைய பாட்டுல இருந்து சாம்பிள் எடுத்திருந்தா அதுக்கு க்ளியரன்ஸ் (உரிமை உள்ளவங்களோட அனுமதி) வேணும், அது இல்லாம லீஸ் குடுத்தா உங்ககிட்ட இல்லாததையும் சேர்த்து விக்கிறீங்கன்னு அர்த்தம். "ஓல்ட் டவுன் ரோட்" பீட் இதுக்கு நல்ல உதாரணம். யங்கியோங்கற புரொட்யூசர் பீட்ஸ்டார்ஸ்ல (பீட் விக்கிற ஆன்லைன் ஸ்டோர்) போட்டத ராப்பர் லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கினாரு, 2019ல அது பில்போர்ட் ஹாட் 100ல 19 வாரம் முதல் இடத்துல இருந்துச்சு. பீட்டுக்குள்ள இருந்தது நைன் இன்ச் நெய்ல்ஸ்ங்கற பேண்டோட சாம்பிள், கடைசில அந்த பேண்டோட ட்ரெண்ட் ரெஸ்னர், ஆட்டிகஸ் ராஸ் ரெண்டு பேரும் எழுதினவங்களா கிரெடிட்டுக்குள்ள வந்தாங்க. யாரும் கேக்காத பீட்ல சாம்பிள் இருந்தா பிரச்சன வராது, ஓடுற பீட்ல கண்டிப்பா வரும்.

ஸ்ப்ளைஸ் மாதிரி இடத்துல எடுத்த ராயல்டி ஃப்ரீ லூப்னா யூஸ் பண்ணலாம், ஆனா அதே லூப் இன்னும் ஆயிரம் பேர்கிட்ட இருக்கும். அந்த பீட்ட கண்டென்ட் ஐடில (யூட்யூப்ல ஒரே ஆடியோ எங்க வந்தாலும் தானா கண்டுபிடிச்சு உரிமை கேக்குற சிஸ்டம்) ஏத்தினா சம்பந்தமே இல்லாதவங்க வீடியோல எல்லாம் க்ளெய்ம் விழும். லூப் பண்ணிக் குடுத்த நண்பர் இருந்தா அவருக்கு எவ்ளோ பங்குன்னு ஸ்ப்ளிட் ஷீட் போட்டுட்டு அப்புறம் ஸ்டோர்ல ஏத்துங்க.

3. தட்டு பிரிக்கிறது

வழக்கமா நாலஞ்சு தட்டு (லைசன்ஸ் வகை) இருக்கும்: எம்பி3 லீஸ், வேவ் லீஸ், ஸ்டெம்ஸ் (ட்ரம்ஸ், பேஸ்னு தனித்தனி ட்ராக்) லீஸ், அன்லிமிடெட், எக்ஸ்க்ளூசிவ். ஃபைல் தரம் ஏறுற மாதிரி உரிமையும் ஏறணும். எத்தன ஸ்ட்ரீம், எத்தன வீடியோ, ரேடியோ உண்டா, காசு வாங்குற ஷோல பாடலாமா, எத்தன வருஷம், இதெல்லாம் தட்டுக்கு தட்டு வேற வேற இருக்கும். புதுசா வர்றவங்க இதுல ஓவரா யோசிக்கிறாங்க, ஏழெட்டு தட்டு வச்சா வாங்குறவருக்கு தல சுத்தும், மூணு போதும்.

லிமிட்ட ரொம்ப கம்மியா வைக்காதீங்க. ஓரளவு ஃபாலோயர்ஸ் இருக்குற ஆர்ட்டிஸ்ட் ஒரு வாரத்துல தாண்டிடுற மாதிரி எம்பி3 லீஸ வச்சா, அவர் வேணும்னே மீறினாருன்னு சொல்ல முடியாது, நீங்கதான் அப்படி வச்சீங்க. எனக்கு தெரிஞ்சு லிமிட்டோட வேல அடுத்த தட்டுக்கு ஏற வைக்கிறது, ஆள மாட்டி விடுறது இல்ல.

"ஃப்ரீ டவுன்லோட்"னு யூட்யூப்ல போடுற டைப் பீட்டுக்கும் (ஒரு ஆர்ட்டிஸ்ட் பாணில பண்ற பீட்) ஒரு பேப்பர் வேணும். ஃப்ரீன்னா எதுக்கு ஃப்ரீ? காசு வராத யூஸ் மட்டும், டேக் (பீட்டுல வர்ற உங்க பேர் சொல்ற குரல்) எடுக்கக் கூடாது, ஸ்பாட்டிஃபை மாதிரி இடத்துல ஏத்தக் கூடாதுன்னு டிஸ்க்ரிப்ஷன்லயே மேல எழுதிடுங்க. வெறும் "ஃப்ரீ"ன்னு தலைப்புல போட்டுட்டு அப்புறம் சண்டைக்கு போனா, "நீதானப்பா ஃப்ரீன்னு போட்ட"ன்னு அவங்க கேக்குறதுல நியாயம் இருக்கு.

4. அக்ரிமெண்ட்ல என்னென்ன எழுதணும்

பீட்ஸ்டார்ஸ், ஏர்பிட் மாதிரி ஸ்டோர்கள்ல ரெடிமேட் டெம்ப்ளேட் இருக்கு, யாராவது வாங்கினவுடனே அதுவே பேர் தேதியோட அக்ரிமெண்ட் போட்டு அனுப்பிடும். வசதிதான், ஆனா ஒரு தடவ கூட முழுசா படிக்காமலே டெம்ப்ளேட்ட ஆன் பண்ணி வச்சிருக்குறவங்கதான் அதிகம். உக்காந்து படிங்க. அதுல இதெல்லாம் இருக்கான்னு பாருங்க.

எண்ணிக்கை எங்க எண்றதுன்னு எழுதுங்க. "50,000 ஸ்ட்ரீம்"னா ஸ்பாட்டிஃபைல மட்டுமா, எல்லா இடமும் சேர்த்தா, யூட்யூப் வியூஸ் சேருமா? எண்ணிக்கை எல்லா இடத்துலயும் வெளில தெரியாது, ஆப்பிள் மியூசிக்ல பப்ளிக்கா காட்டவே மாட்டாங்க. அதனால "கேட்டா டிஸ்ட்ரிபியூட்டர் டேஷ்போர்ட் ரிப்போர்ட்ட இத்தன நாளுக்குள்ள அனுப்பணும்"னு ஒரு வரி வேணும் (டிஸ்ட்ரிபியூட்டர்னா பாட்ட எல்லா ஸ்ட்ரீமிங் இடத்துலயும் ஏத்தி விடுற கம்பெனி). அது இல்லன்னா நீங்க ஊகத்துலதான் சண்ட போடணும்.

கண்டென்ட் ஐடி கூடாதுன்னு தனியா, கண்ணுக்கு படுற மாதிரி எழுதுங்க. லீஸ் வாங்கின ஒருத்தர் தன் பாட்ட கண்டென்ட் ஐடில போட்டா அதே பீட்ட லீஸ் எடுத்த மத்தவங்க எல்லாரோட வீடியோலயும் க்ளெய்ம் விழும், உங்க சொந்த சேனல்ல இருக்குற பீட் வீடியோலயும் விழும். நெறைய டிஸ்ட்ரிபியூட்டர்ல அது அப்லோட் பண்ணும்போது வர்ற ஒரு டிக் பாக்ஸ்தான், என்னன்னு தெரியாமலே டிக் பண்ணிட்டு போயிடுறாங்க. நடக்குற மீறல்ல பாதி இதாதான் இருக்கும், கெட்ட எண்ணமும் இருக்காது.

பப்ளிஷிங் பங்கு (கம்போசிஷனுக்கு வர்ற ராயல்டில உங்க பங்கு) எவ்ளோன்னு எழுதுங்க. பீட்டுக்கு பாதி, வரிகளுக்கும் பாடுற மெலடிக்கும் பாதின்னு பிரிக்கிறது பரவலா இருக்குற வழக்கம். பர்ஃபார்மிங் ரைட்ஸ் அமைப்புல (பாட்டு பொதுவுல ஒலிக்கிறதுக்கு ராயல்டி வசூல் பண்ணிக் குடுக்குறவங்க) நீங்க சேர்ந்திருந்தா உங்க ஐபிஐ நம்பர (எழுதினவங்கள அடையாளம் காட்டுற எண்) அக்ரிமெண்ட்லயே போட்டுடுங்க, ஆர்ட்டிஸ்ட் பாட்ட பதிவு பண்ணும்போது "உங்க டீட்டெய்ல் தெரியல, அதான் நூறு சதவீதம் என் பேர்ல போட்டுட்டேன்"னு சொல்ல வழி இருக்காது.

விளம்பரம், படம், சீரிஸ், கேம்ல பாட்ட காட்சியோட சேர்த்துப் போடுறதுக்குப் பேர் சிங்க். சாதாரண லீஸ்ல சிங்க் அடங்காதுன்னு எழுதிடுங்க, தனியா பேசிக்கலாம். எக்ஸ்க்ளூசிவ் வித்தா பழைய லீஸ்கள் அதது காலம் முடியற வரைக்கும் செல்லும்னு ரெண்டு அக்ரிமெண்ட்லயும் இருக்கணும், லீஸ்லயும் எக்ஸ்க்ளூசிவ்லயும்.

இப்போ முக்கியமான இடம். மீறினா என்ன ஆகும்? "மீறினா சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்"னு எழுதினா அது சும்மா மிரட்டல், அதுக்கு பெருசா வேல இல்ல. ரெண்டு விதமா பிரிச்சு எழுதணும். அனுமதியோட எல்லை எதுங்கறது ஒண்ணு: "இந்த அனுமதி இவ்ளோ ஸ்ட்ரீம் வரைக்கும்தான், அதுக்கு மேல அனுமதி இல்ல." வாங்கினவர் குடுக்குற வாக்கு இன்னொண்ணு: "என் பேர கிரெடிட்ல போடணும்." எல்லைய தாண்டினா அது காப்பிரைட் மீறல், டேக்டவுன் (பாட்ட தூக்க வைக்கிறது) வரைக்கும் போகலாம். வாக்க மட்டும் மீறினா அது ஒப்பந்தப் பிரச்சனையா நின்னுடலாம், அனுமதி உயிரோடதான் இருக்கும், டேக்டவுன் போட்டா அது தப்பான நோட்டீஸா போயிடலாம். 2010ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒண்ணு ஒரு வீடியோ கேம் வழக்குல இந்த வித்தியாசத்த தெளிவா பிரிச்சு சொல்லிருக்கு. அதனால பேர் போடுறது உங்களுக்கு அவ்ளோ முக்கியம்னா "பேர் போட்டாதான் இந்த அனுமதியே செல்லும்"னு நிபந்தனையா எழுதுங்க. கூடவே சரி பண்ண ஒரு அவகாசம், 14 நாளோ என்னமோ, அதுக்குள்ள சரி பண்ணலன்னா லைசன்ஸ் தானா முடிஞ்சுடும்னு ஒரு வரி. லிமிட் தாண்டினா மேல் தட்டுக்கு வித்தியாசத்த மட்டும் கட்டி ஏறிக்கலாம்னு இன்னொரு வரி. இந்த கடைசி வரிதான் உங்க பிரச்சனைல முக்காவாசிய கேஸ் இல்லாம முடிக்கும்.

5. வித்தவுடனே பண்ண வேண்டியது

ஒரு ஷீட் வச்சுக்கோங்க: பீட் பேர், வாங்கினவரோட சொந்தப் பேர், ஆர்ட்டிஸ்ட் பேர், மெயில், எந்த தட்டு, தேதி, எப்போ முடியுது, அக்ரிமெண்ட் பிடிஎஃப் எங்க இருக்கு. ஆர்ட்டிஸ்ட் பேர் கட்டம் ரொம்ப முக்கியம், ஏன்னா பணம் கட்டின பேர் ஒண்ணு, பாட்டு வர்ற பேர் வேற. ப்ராஜெக்ட் ஃபைலையும் தேதியோட பேக்கப் எடுத்து வைங்க, பீட் உங்களுதுன்னு காட்ட அத விட நல்ல சாட்சி கிடையாது.

6. மீறல் நடந்த மாதிரி தெரிஞ்சா

மொதல்ல கோவத்த ஓரமா வச்சுட்டு உங்க ஷீட்ட பாருங்க. "என் பீட்ட திருடிட்டான்"னு கத்துறவங்கள்ல நெறைய பேருக்கு அது அவங்களே வேற பேர்ல வித்த லீஸா இருக்கும், மேனேஜரோ நண்பரோ வாங்கிக் குடுத்திருப்பாங்க. மெயில், ஸ்டோர் ஆர்டர், பணம் வந்த கணக்கு எல்லாத்துலயும் தேடுங்க.

அடுத்து, அது நிஜமாவே உங்க பீட்தானா? மெலடி ஒரே மாதிரி இருந்தா பத்தாது, அதே லூப்ப வேற புரொட்யூசர் வாங்கி அவர் பீட் பண்ணிருக்கலாம். உங்க இன்ஸ்ட்ருமெண்டல நீங்க பீட் பண்ற சாஃப்ட்வேர்ல போட்டு அவங்க பாட்டையும் பக்கத்துல போட்டு, டைமிங்க கரெக்டா அடுக்கி, ஒண்ணோட ஃபேஸ (ஒலி அலைய) தலகீழா திருப்பி ப்ளே பண்ணுங்க. பீட் அடங்கி குரல் மட்டும் முன்னாடி வந்தா உங்க ஃபைலேதான். மாஸ்டரிங் பண்ணிருந்தா முழுசா அடங்காது, ஆனாலும் வித்தியாசம் காதுல தெரியும். ட்ரம்ஸ் வேறயா கேட்டா நிறுத்திட்டு யோசிங்க.

அப்புறம் ஆதாரம். லிங்க், ஸ்ட்ரீம் எண்ணிக்கை, கிரெடிட் பக்கம், வெளியான தேதி எல்லாத்தையும் தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட், ஸ்கிரீன் ரெக்கார்டிங். இத மெசேஜ் போடுறதுக்கு முன்னாடி பண்ணிடணும், மெசேஜ் போன அப்புறம் பாட்டோட பேரு கூட மாறிடும். டிஸ்ட்ரிபியூட்டர் யாருன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: அந்தப் பாட்டோட யூட்யூப் டாபிக் வீடியோவ தேடி டிஸ்க்ரிப்ஷன் முதல் வரிய பாருங்க, யார் மூலமா யூட்யூபுக்கு வந்துச்சுன்னு டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபின்னு பேரோட போட்டிருக்கும். ஸ்பாட்டிஃபைல ஆல்பம் பக்கத்துக்கு கீழ இருக்குற உரிமை வரியையும் எடுத்து வைங்க.

7. முதல் மெசேஜ்

இத சண்ட மாதிரி எழுதாதீங்க, இன்னும் உங்க கஸ்டமர்தான். இப்படி போதும்:

"வணக்கம் ப்ரோ, பாட்டு நல்லா போயிட்டு இருக்கு, சந்தோஷம். நீங்க எடுத்தது வேவ் லீஸ், அதுல 50,000 ஸ்ட்ரீம் வரைக்கும்தான் அனுமதி, இப்போ அது தாண்டிடுச்சு. பாட்டு அப்படியே ஓடட்டும்னா அன்லிமிடெட்டுக்கு மாத்திக்கலாம், ஏற்கனவே குடுத்தத கழிச்சுட்டு மீதி கட்டினா போதும், லிங்க் கீழ இருக்கு. இந்த மாசம் 20ம் தேதிக்குள்ள முடிச்சுக்கலாமா? அக்ரிமெண்ட் காப்பி இணைச்சிருக்கேன்."

பாராட்டு, எந்த வரி மீறினது, என்ன பண்ணா சரியாகும், தேதி, காப்பி. அவ்ளோதான். கண்டென்ட் ஐடி விஷயம்னா பணமே கேக்காதீங்க, "உங்க டிஸ்ட்ரிபியூட்டர்ல அந்த ஆப்ஷன ஆஃப் பண்ணிட்டு, விழுந்த க்ளெய்ம்கள ரிலீஸ் பண்ண சொல்லுங்க"ன்னு கேட்டு, எங்க போயி பண்ணணும்னும் சொல்லிடுங்க. பேர் போடலன்னா கிரெடிட் திருத்த சொல்லுங்க, டிஸ்ட்ரிபியூட்டர் மூலமா பாட்ட தூக்காமலே மாத்தலாம்.

பதில் வரலன்னா ரெண்டாவது மெயில், இதுல ப்ரோ கிடையாது. அக்ரிமெண்ட் தேதி, மீறின பிரிவு, ஆதாரம், கடைசி தேதி, அதுக்குள்ள சரி பண்ணலன்னா லைசன்ஸ் முடிஞ்சதா எடுத்துக்கிட்டு டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட போவேன்னு நேரா. சோஷியல் மீடியா ஸ்டோரில ஆளோட பேர மென்ஷன் பண்ணி திட்டுறது, அவரோட ஃபேன்ஸ்கிட்ட கமெண்ட்ல சண்ட போடுறது எல்லாம் வேணாம். நாளைக்கு பஞ்சாயத்து பெருசானா அந்த ஸ்கிரீன்ஷாட் அவங்க கையில இருக்கும், அதுவும் இல்லாம அடுத்து லீஸ் வாங்க வர்றவரும் அத பாப்பாரு.

இங்க ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஸ்பாட்டிஃபைல 2024ல இருந்து முந்தின 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் கூட வராத ட்ராக்குக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது. ஃப்ரீ பீட்ட எடுத்து ஏத்தின ஒரு பையனுக்கு 300 ஸ்ட்ரீம் வந்திருந்தா துரத்துறதுல உங்களுக்கு காசு இல்ல, லீஸ் லிங்க அனுப்பி வச்சுட்டு அடுத்த வேலைய பாருங்க.

8. டிஸ்ட்ரிபியூட்டர், அப்புறம் டேக்டவுன்

ஒவ்வொரு ஸ்ட்ரீமிங் கம்பெனிக்கும் தனித்தனியா எழுதுறத விட டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு கம்ப்ளெயிண்ட் போடுறது வேகம், அவங்க எடுத்தா எல்லா இடத்துலயும் போயிடும். அக்ரிமெண்ட், எல்லைய தாண்டின ஆதாரம், நீங்க அனுப்பின ரெண்டு மெயில் மூணையும் சேர்த்து அனுப்புங்க.

அதுக்கும் அசையலன்னா டிஎம்சிஏ நோட்டீஸ். இது 1998ல வந்த அமெரிக்க சட்டம், பெரிய பிளாட்ஃபார்ம்கள் எல்லாம் இதுக்கான ஃபார்ம் வச்சிருக்காங்க. எது உங்க படைப்பு, எந்த லிங்க் மீறுது, உங்க காண்டாக்ட், அனுமதி இல்லன்னு நல்லெண்ணத்தோட நம்புறேங்கற உறுதி, கையெழுத்து இதெல்லாம் கேக்கும். தெரிஞ்சே பொய்யா போட்டா நஷ்ட ஈடு குடுக்க வேண்டி வரும்னு அதே சட்டத்துல இருக்கு. லைசன்ஸ் இன்னும் உயிரோட இருக்கா முடிஞ்சுதாங்கற தெளிவு இல்லாம இந்த பட்டன அமுக்காதீங்க.

யூட்யூப்ல நேரா டேக்டவுன் போட்டா அவங்க சேனலுக்கு ஸ்ட்ரைக் விழும், 90 நாளுக்குள்ள மூணு விழுந்தா சேனலே போயிடலாம். அங்கேயே 7 நாள் அவகாசம் குடுத்து போடுற ஆப்ஷனும் இருக்கு, அதுக்குள்ள அவங்களே வீடியோவ எடுத்துட்டா ஸ்ட்ரைக் கிடையாது. லீஸ் சண்டைக்கு அந்த ஆப்ஷன்தான் சரி. எதிர் பக்கம் கவுண்டர் நோட்டீஸ் (டேக்டவுன் தப்புன்னு எதிர் பதில்) குடுத்தா 10 வேல நாளுக்குள்ள நீங்க கேஸ் போட்டதா காட்டணும், இல்லன்னா வீடியோ திரும்ப வந்துடும். கேஸ் போடுற எண்ணம் இல்லன்னா இது தெரிஞ்சே இறங்குங்க.

9. கோர்ட் வரைக்கும் போனா

பெரிய தொகைன்னா மியூசிக் காப்பிரைட் தெரிஞ்ச வக்கீல பாக்கணும், இந்தக் கட்டுரைய வச்சு போகக் கூடாது. முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டியது ஒண்ணு ரெண்டு மட்டும் சொல்றேன். அமெரிக்கப் படைப்புன்னா கேஸ் போடுறதுக்கு முன்னாடி காப்பிரைட் ஆபீஸ்ல பதிவு முடிஞ்சிருக்கணும், இது 2019ல உச்ச நீதிமன்றம் சொன்னது. வேற நாட்டுப் படைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்ல, ஆனா நஷ்டத்த நிரூபிக்காமலே கேக்குற சட்டப்படி நஷ்ட ஈடு வேணும்னா மீறல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியோ, வெளியாகி 3 மாசத்துக்குள்ளயோ பதிவு பண்ணிருக்கணும். அதனால நல்லா ஓடுற பீட்ட மட்டுமாவது பதிவு பண்ணி வைங்க. 2022ல ஆரம்பிச்ச காப்பிரைட் க்ளெய்ம்ஸ் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, 30,000 டாலர் வரைக்கும் உள்ள வழக்குகள வக்கீல் இல்லாமலே பாக்கலாம், ஆனா எதிராளி "எனக்கு வேணாம்"னு 60 நாளுக்குள்ள விலகிக்கலாம்.

மீறுறது ஆர்ட்டிஸ்ட் மட்டும்தான்னு நினைக்காதீங்க. எக்ஸ்க்ளூசிவ் வித்த பீட்ட ஸ்டோர்ல இருந்து எடுக்காம விட்டு அடுத்தவருக்கும் வித்தா, லீஸ் வாங்கினவரோட பாட்டுக்கு நீங்களே க்ளெய்ம் போட்டா, ஸ்டெம்ஸ் தர்றேன்னுட்டு தரலன்னா மீறினது நீங்க. அப்படி ஒரு மெயில் வந்தா அன்னைக்கே பதில் போட்டு பணத்த திருப்பிக் குடுக்குறதோ வேற பீட் குடுக்குறதோ பேசி முடிங்க.

10. பேசி முடிஞ்ச அப்புறம்

பணம் வந்துடுச்சுன்னு விட்டுடாதீங்க. பழைய மீறலையும் சேர்த்து மூடுற மாதிரி புது லைசன்ஸ் ஒண்ணு எழுதுங்க, பாட்டு வெளியான தேதில இருந்தே செல்லும்னு போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து. டேக்டவுன் போட்டிருந்தா அன்னைக்கே வாபஸ் வாங்குங்க, யூட்யூப்ல வாபஸ் வாங்கினா ஸ்ட்ரைக்கும் போயிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்கும் "பிரச்சன தீந்துடுச்சு"ன்னு ஒரு மெயில். ஷீட்ல அந்த வரிய மாத்தி, புது தட்டு, புது முடிவு தேதி போட்டுட்டு, பழைய பிடிஎஃப்ப அழிக்காம புதுசு பக்கத்துலயே வைங்க.